செய்தி நிலையம் திறக்கும் முன்

பொது நிலையம் ஒன்றைத் தொடங்குவது எளிது. மக்கள் அதனைத் தம்முடையதாகக் கொள்ளும்படி செய்வதே அரிது. கட்டடத்துக்கு வர்ணம் பூசி, தோரணம் கட்டி, விழா நடத்தித் திறந்த நிலையங்கள் சில திங்களுக்குள் பூட்டிக் கிடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். முதன்முறை வருபவர் தமக்கு வேண்டியது எதுவும் கிடைக்காமல் திரும்பினால், மறுமுறை வரமாட்டார். ஆகவே, கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் அங்கத்தினருக்கெனச் செய்தி நிலையம் அமைக்க எண்ணும் சங்கங்கள் திறப்பு நாளுக்கு முன் செய்ய வேண்டியவை யாவை என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் இயக்கத்தின் வரலாறே இதற்கு முதற் பாடம். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர், தலைக்கு ஒரு பவுன் வீதம் திரட்டி, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அதில் இருந்தன. சரக்கு சிறிது, ஆயினும் ஒவ்வொன்றும் வீட்டுக்கு நாள்தோறும் வேண்டிய பண்டம். ரொக்கத்துக்கே விற்பனை முதலிய விதிகளையும் கடை திறப்பதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துகொண்டனர்.

புதுவைக் கிராமங்களின் அனுபவம்

நமக்கு அண்மையிலுள்ள சான்று புதுவையில் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு நிதியுதவியுடன் 1998-இல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். சுற்றுக் கிராமங்களில் கிளைகள். தொலைபேசி வசதி குறைந்த அக்காலத்தில் கம்பியில்லா வானொலிக் கருவிகளாலும் கணிப்பொறிகளாலும் இவை இணைக்கப்பட்டன. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டதால் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

எனினும் நாம் கற்கவேண்டியது கருவிகளைப் பற்றியன்று; அவற்றை வைப்பதற்கு முன் நடந்த ஆயத்தங்களைப் பற்றியே.

முதலாவது, மக்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அதனை யாரிடம் கேட்டுப் பெறுகிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தனர். இரண்டாவது, ஊராரும் பங்கேற்கச் செய்தனர். இடமும் தொண்டர்களும் ஊரின் பொறுப்பு. கருவியும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு. எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. மூன்றாவது, ஆதிதிராவிடர் உட்பட எல்லோரும் தடையின்றி வந்துபோகலாம் என்பதை முன்கூட்டியே நிபந்தனையாக்கினர். நான்காவது, அதே ஊர்களைச் சேர்ந்தவர்களை, பெரும்பாலும் பெண்களை, பயிற்றுவித்து மையங்களில் அமர்த்தினர். நெல் விலை, உர விலை, அரசாங்கத் திட்டங்கள், மருத்துவமனைகள், பஸ் நேரங்கள் ஆகியவற்றைத் தமிழில் தொகுத்து அளித்தனர்.

மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தின் தேவை வேறு. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் பெற்றுத் தமிழாக்கி, கரையில் நின்ற ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு, கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்தனர்.

இத்தகைய நாளாந்தப் பழக்கத்தின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று விளங்கிற்று. கடலூருக்கு வடக்கே புதுவைக் கரையிலுள்ள நல்லவாடு கிராமத்திலும் இத்தகைய மையம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர், ஆழிப்பேரலையின் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தனர். ஏறத்தாழ 3,600 பேரும் விலகிச் சென்று உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. அதே நாளில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒலிபெருக்கி புதுவைக் கரையில் மட்டும் கிடைக்கும் பொருளன்று. அதன் குரலைக் கேட்டவுடன் நம்பி எழுந்து செல்லும் பழக்கமே அங்கு முன்னரே விளைந்திருந்த செல்வம்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

குறிஞ்சிப்பாடி நெசவாளிக்கு வேண்டியது நூல் விலையும் கூலி விவரமும். சிதம்பரம் பக்கத்து விவசாயிக்கு வேண்டியது வீராணம் ஏரியின் நீர்மட்டமும் கொள்முதல் நிலையம் திறக்கும் நாளும். பண்ருட்டி விவசாயிக்கு முந்திரி விலை. மூவருக்கும் ஒரே பலகை போதாது. திறப்பதற்கு முன்பே நிர்வாகக் குழுவினர் தறிக்கூடத்துக்கும் களத்துக்கும் சென்று கேட்டு எழுதிவருதல் வேண்டும். தினமும் யார் விலையை விசாரிப்பது, தவறான செய்தியை யார் திருத்துவது, எந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும் என்பவற்றைத் தீர்மானித்துச் சுவரில் எழுதிவைத்தல் வேண்டும். விழாவுக்கு முன் ஒரு திங்கள் பத்து அங்கத்தினரைக் கொண்டு நிலையத்தை நடத்திப் பார்த்தால் குறைகள் தாமே வெளிப்படும். அப்பத்துப் பேருள் பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருத்தல் அவசியம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, உழைப்பே வேண்டும். திறப்பு நாளை ஒரு திங்கள் தள்ளிவைப்பதால் குற்றமில்லை. ஆயத்தமின்றித் திறந்து அங்கத்தினரின் நம்பிக்கையை இழந்தால், அதனை மீண்டும் பெறப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை நிர்வாகக் குழுவினர் மனத்திற் கொள்வாராக.