விடுபவர் யார், எடுப்பவர் யார்?

விடுதியில் இடம் கிடைக்காத தோழர் ஒருவர், கல்லூரிக்கு அருகே அறை பிடித்தார். தம் ஆங்கிலத்தைக் காட்டும் ஆவலில், "ஓர் அறையை லெட் அவுட் செய்திருக்கிறேன்" என்று மாமாவுக்கு எழுதினார். "வாடகை எவ்வளவு வருகிறது?" என்று மாமா மறுமொழி எழுதிவிட்டார்!

'ரெண்ட்' என்னும் சொல் கொடுப்பவருக்கும் பொருந்தும், எடுப்பவருக்கும் பொருந்தும். 'லெட் அவுட்' அப்படியன்று. வாடகைக்கு விடுபவருக்கே உரியது. நம் 'விடு' என்னும் வினையும் அவ்வாறே. உடையவர் குத்தகைக்கு விடுகிறார், மற்றவர் எடுக்கிறார்.

பீருமேட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியாற்று அணைக்காக 1886-இல் 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது திருவிதாங்கூர். எடுத்தது ஆங்கில அரசு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அது 30 ரூபாயானது 1970-இல்தான். ஆனால் அந்த அணையிலேயே வினை திசை மாறுவதையும் பாருங்கள். தேக்கடியிலிருந்து சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீரை 'லெட் அவுட்' செய்வது தமிழ்நாடு. நிலத்தை எடுத்தவர் நீரை விடுகிறார்! ஆழியாற்றில் தண்ணீர் விட்டார்களா என்று சித்தூர் உழவர் கேட்பதும் இதே 'விடு'தான்.

பெருமூச்சு விடுவதும் 'லெட் அவுட்'. இரகசியத்தை வெளியே விடுவதும் அதுவே. இறுகிப்போன கால்சட்டையைத் தையற்காரர் பிரித்துத் தளர்த்துவதும் அதுவே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இறந்தகாலத்திலும் 'லெட்' மாறாது. 'இட்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'லெட் இட் அவுட்'.

இனி, பொருந்தாத இடம் ஒன்று. மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் நம் தோழர் சிலர், 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதும்போது, கம்பெனி தம் தந்தைக்கு லயத்தை 'லெட் அவுட்' செய்ததாக எழுதுகின்றனர். அது பிழை. வாடகைக்கு விட்ட வீட்டுக்குத் தவணை உண்டு, ஒப்பந்தம் உண்டு. லயம் வேலையோடு ஒட்டி வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பாட்டன் காலந்தொட்டு அங்கே குடியிருந்தாலும் அதுதான் நிலை. வேலை உள்ளவரை தங்க 'அலௌ' செய்தார்கள் என்று எழுதுங்கள். திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.