வீசும் காற்று வீணாகலாமா?

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்லும்போதெல்லாம் ஒரு காட்சி என்னை உறுத்துவதுண்டு. காற்று பலமாக வீசிக்கொண்டிருக்கும். ஆயினும், காற்றாலைகள் சில அசையாமல் நிற்கும். அவை அனைத்தும் பழுதுற்றவை அல்ல. மின்சாரத்தை ஏற்க மின்கட்டமைப்பில் இடமில்லாதபோது, உற்பத்தியைக் குறைக்குமாறு பணிக்கப்படுவதும் உண்டு.

காரணம் மின்சாரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மின்கம்பிகளில் அதைத் தேக்கிவைக்க இயலாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் நுகர்வும் ஈடாக இருக்க வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறும், குறைந்தால் இறங்கும். அது 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் மின்கட்டமைப்பு விதி.

காற்றும் வெயிலும் நம் தேவையறிந்து வருவன அல்ல. காற்று மே முதல் செப்டம்பர் வரை மிகுந்து, பின்னர் அடங்கிவிடுகிறது. சூரிய மின்சாரம் நண்பகலில் உச்சம் தொட்டு, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் மறைந்துவிடுகிறது. அப்போது அனல்மின் நிலையங்களே கைகொடுக்கின்றன. ஆனால், அவற்றை நண்பகலில் நிறுத்தி மாலையில் உடனே முழுவீச்சில் இயக்கிவிட முடியாது. குறைந்த அளவிலேனும் பகலிலும் அவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அளவுக்குக் காற்றுக்கும் வெயிலுக்கும் இடம் சுருங்குகிறது.

இதற்கான தீர்வு நமக்குப் புதிதன்று. ஆனைமலைப் பகுதியிலுள்ள 400 மெகாவாட் கடம்பாறை நீரேற்றுப் புனல்மின் நிலையம் 1980களில் உருவானது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மேலேற்றி, தேவை மிகும் வேளையில் அதை இறக்கி மின்சாரம் எடுப்பதே அதன் வேலை. ஆனால், நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டமோ நெடுங்காலம் இழுபட்டது.

மின்பாதைகளும் அவ்வாறே. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கிய பிறகே தென்மாநிலக் கட்டமைப்பு, நாட்டின் பிற பகுதிகளுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதன் பின்னரே நம் மிகுமின்சாரம் வடக்கே செல்ல வழி அகலமாயிற்று. காற்றாலை மின்சாரத்தைத் துணைமின் நிலையங்களிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் பாதைகளும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும்.

பகலில் ஏற்க மறுத்த மின்சாரத்துக்கு மாற்றாக மாலையில் சந்தையில் அதிக விலைக்கு வாங்கினால், அந்தச் சுமை இறுதியில் கட்டணமாக நம்மிடமே வந்து சேரும். எனவே, எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று பெருமை கொள்ளும் அரசு, எத்தனை யூனிட் மின்சாரத்தை ஏற்காமல் விட்டோம் என்பதையும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு வெளிவந்தால்தான் சேமிப்பு நிலையங்களும் மின்பாதைகளும் எவ்வளவு அவசரமானவை என்பது புரியும்.