கால்வாய்க் கரையில் கொற்கைக்கு

சரளைப் பாதை – 11

கோரம்பள்ளம் குளத்துக் கரையில் சைக்கிளை ஏற்றும்போது மணி ஐந்தே முக்கால். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. கரைமேல் கொஞ்ச தூரம் போனதும் அது அடங்கிப்போனது. அப்புறம் டயருக்கடியில் சரளை நெரிபடும் சத்தமும், குளத்தில் முங்கி எழும் நீர்க்காக்கைகளின் சத்தமும் மட்டும்தான்.

தூத்துக்குடி என்றால் கடலும் உப்பளமும் கப்பலும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். ஊரின் மேற்கு விளிம்பில் தாமிரபரணித் தண்ணீர் வந்து நிற்கிறது என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் அந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருப்பது ஸ்ரீவைகுண்டம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது அது. மற்ற ஏழும் அதற்கு வெகுகாலம் முந்தியவை. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றின் இரு பக்கமும் வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. வடகால் ஆறுமுகமங்கலம், கொற்கை என்று வழியில் உள்ள குளங்களை நிரப்பிவிட்டுக் கடைசியாகக் கோரம்பள்ளத்துக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் வந்த வழியில் எதிர்த்திசையில் மிதித்துப் போவதுதான் இந்த வாரப் பயணம்.

கால்வாய் என்று இருந்தால் கரை இருந்தாக வேண்டும். கரை என்று இருந்தால் மண்வெட்டியோடு ஆள் நடந்துபோக ஒரு தடம் இருந்தாக வேண்டும். தாரும் சிமெண்டும் போடாத அந்தத் தடம்தான் நம் ஊர்ச் சரளைப் பாதை. எல்லா இடமும் சுகமாக இருக்காது. சில இடங்களில் சீமைக் கருவேல முள் கரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இறங்கி உருட்டித்தான் போக வேண்டும். மாற்று டியூப் இல்லாமல் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு வட்டாரம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, குன்றுகளின் மேலும் கீழுமாக வெள்ளைச் சரளைப் பாதைகள் ஓடுகின்றன. அவற்றின்மேல் தார் போட்டு மூடிவிடுவார்களோ என்ற கவலை ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவருக்கு வந்தது. 1997இல் கையோலே என்ற ஊரில் பழைய சைக்கிள்களோடு ஆட்களைத் திரட்டி ‘எரோய்கா’ என்ற பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று உலகெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2007 முதல் அதே வெள்ளைப் பாதைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் நடக்கிறது. பாதையைக் காப்பாற்ற அந்த மனிதர் கண்ட வழி இதுதான்: நாலு பேர் அதில் தொடர்ந்து போய்வர வேண்டும்.

அங்கே இதற்கென்றே கிராவல் சைக்கிள் என்று தனி வகை விற்கிறார்கள். பந்தய சைக்கிள் போலக் குனிந்த கைப்பிடி. டயர் மட்டும் அகலம், பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. வரை. விலை ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலையைத் தொடும். வாசகர்கள் பலர் அதை வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டு எழுதுகிறார்கள். நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று அச்சிட்டிருக்கும். அதன் அகலம் 40 மி.மீ. மண் ரோட்டில் இரண்டு நெல்மூட்டை ஏற்றிப் போவதற்கென்றே வந்த சைக்கிள் அது. பனையேறிகளும் உப்பளத் தொழிலாளர்களும் இந்த மாவட்டத்தில் இன்றும் அதைத்தான் மிதிக்கிறார்கள். நானும் அதில்தான் போனேன். காற்றை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். காற்று இறுகியிருந்தால் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரியும்.

கொற்கைக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. பாண்டியரின் துறைமுகம், முத்துக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வாழையும் வயலும். கடல் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் துரத்திக்கொண்டே போய்விட்டது. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்து, இதுதான் பழைய கொற்கை என்று சொன்னார். 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணித்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஊரின் பழைய வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அலை வந்து மோதிய கரையில் இப்போது வாழைக்குத் தண்ணீர் பாய்கிறது. முத்துக்குளிப்பும் தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு நின்றுபோனது.

கொற்கையிலிருந்து கிளம்பி, முக்காணியில் ஆற்றுப் பாலம் ஏறும்போது மட்டும் திருச்செந்தூர் பேருந்துகளோடு கலந்தாக வேண்டும். பாலம் தாண்டினால் ஆத்தூர். மறுபடி மண் தடம், இரண்டு பக்கமும் கொடிக்கால். திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டுமானால் நாம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே போனதை நான்காம் பகுதியில் எழுதியிருக்கிறேன். ஆனால் கொடியின் நிழலில் சைக்கிள் ஓட்டுகிற சுகத்தில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் எந்தத் திராட்சைத் தோட்டத்துக்கும் குறைந்ததில்லை. அகத்தியை முதலில் வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றி, நாரால் கட்டிவிடுகிறார்கள். வெளியே முப்பத்தைந்து டிகிரி கொதிக்கும்போது உள்ளே ஈரமும் காரவாசனையுமாகக் குளிர்ந்து கிடக்கிறது.

வரப்பில் நின்று எட்டிப் பார்த்தேன். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

“எங்கன இருந்து வாரிய?”

“தூத்துக்குடில இருந்து அண்ணாச்சி. கரை வழியாவே வந்தேன்.”

“சைக்கிள்லயா? சரி, உள்ள வாங்க. செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாங்க.”

கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. கோயில் மாதிரிதான். நூறு வெற்றிலை ஒரு கவுளி. எண்ணாமலே அவர் விரல்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஆறு கரை மீறி வந்தது. கொடிக்காலில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். “குறியீடு வந்த வருசமே கொடி போச்சு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு கிள்ளு வெற்றிலை கொடுத்தார். அப்படியொரு காரத்தை நான் வேறெங்கும் சுவைத்ததில்லை.

இந்தக் கடற்கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, காயல் ஊர்க்காரர்கள் எந்நேரமும் ஒரு இலையை மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தார். அந்தக் காயல், இங்கிருந்து மிதித்துப் போகும் தூரத்தில் உள்ள பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கணிப்பு. முத்து போய்விட்டது, துறைமுகம் இடம் மாறிவிட்டது, இலை மட்டும் அதே மண்ணில் நிற்கிறது.

வெள்ளத்தில் உடைந்த கரைகளைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. உறுதியாகக் கட்டுங்கள். ஆனால் மேலே தார் போட வேண்டாம். தார் போட்ட மறுவாரமே அது டிப்பர் லாரிகளுக்குக் குறுக்குவழி ஆகிவிடும். கரையும் தாங்காது, நடக்கிறவனும் பிழைக்க மாட்டான். கரை ஏறுமிடங்களில் லாரி நுழைய முடியாதபடி இரண்டு கல்லை நட்டுவைத்தால் போதும். விவசாயியின் மாடும் சைக்கிளும் தாராளமாகப் போகும். இதற்குப் பெரிய திட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. நீர்வளத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

வாசகர்கள் பொங்கலுக்குப் பிறகு கிளம்புங்கள். மழைக்காலத்தில் கரைமேல் போகவே கூடாது. மாசி முடிவதற்குள் போய்விட்டால் கால்வாயிலும் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். விடிவதற்கு முன் கோரம்பள்ளத்தில் இருங்கள். ஆத்தூரில் வெற்றிலை வாங்கும்போது, கொடிக்காலிலேயே நேராக வாங்குங்கள். அடுத்த வாரம் இதே ஆற்றின் மறுமுனை: பாபநாசம் மலையடிவாரத்துக் கால்வாய்க் கரைகள்.