கூண்டோடு கடல் கடந்த குடுமிக்காரன்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் காலையில் தோட்டத்துக்குள் போனால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் செம்மீசைச் சின்னானின் குரல்தான். தலையில் விறைத்து நிற்கும் கறுப்புக் குடுமி, வெள்ளைக் கன்னம், கண்ணுக்குப் பின்னால் தொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்புப் பொட்டு. குஞ்சுகளுக்கு அந்தப் பொட்டு இருக்காது. வளர்ந்த பிறகே வரும். உண்ணிச்செடிப் பழம் கிடைத்தால் போதும், ஜோடியாக வந்து இறங்கிவிடும். கூடு கட்ட இடுப்பளவு உயரப் புதரே அதற்குப் போதுமானது.

இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா, தென்சீனம் வரைதான் இதன் சொந்த மண். பக்கத்திலிருக்கும் இலங்கையில்கூட இயல்பாகக் கிடையாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உண்டு, ஹவாயில் உண்டு. அமெரிக்காவின் மயாமியில் 1960-ல் கூண்டிலிருந்து தப்பிய சில பறவைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கின்றன. எங்கும் தானாகப் பறந்து போகவில்லை. பாட்டுக்காக மனிதர்கள் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். அந்தக் கூண்டே கடல் தாண்டக் கப்பலானது.

மொரிஷியஸ் கதை கவலை தருவது. 1892-ல் அங்கே கொண்டுவரப்பட்ட பறவைகள், அந்த ஆண்டின் பெரும்புயலில் கூண்டிலிருந்து தப்பியதாகச் சொல்வார்கள். இன்று தீவெங்கும் அவைதான். 1972-ல் பக்கத்துத் தீவான ரீயூனியனையும் எட்டிவிட்டன. இரு தீவுகளிலும் இன்னொரு அந்நியரும் உண்டு: இலங்கைக் காடுகளைச் சேர்ந்த லிகஸ்ட்ரம் என்ற குறுமரம். அதன் சிறுபழங்களைச் சின்னான் விழுங்கும். சதையைச் செரித்து விதையை வேறிடத்தில் எச்சமாகப் போடும். பறவை வயிற்றுக்குள் போய்வந்த விதை சீக்கிரம் முளைப்பதாக மொரிஷியஸில் நடந்த ஆய்வு காட்டுகிறது. தாய்நிலத்தில் காடு வளர்க்கும் அதே வேலை, இந்தத் தீவுகளில் மண்ணின் மரக்கன்றுகளை நெருக்கி அழிக்கிறது. மொரிஷியஸில் பாதுகாக்கப்பட்ட காட்டுத் துண்டுகளில் ஆட்களை வைத்துக் களை பிடுங்க வேண்டியிருக்கிறது. பறவையைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை, அது பசிக்குத் தின்றது.

தாய்லாந்தில் நேர்மாறான நிலைமை. தெற்கு மாவட்டங்களில் இந்தப் பறவைக்குப் பாட்டுப் போட்டி நடக்கிறது. வரிசையாகக் கூண்டுகளைத் தொங்கவிட்டு நடுவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். நன்றாகப் பாடும் ஆணுக்குப் பெரிய விலை. காட்டில் பிடித்துப் பிடித்தே, முன்பு சாதாரணமாகத் தென்பட்ட பல இடங்களில் அது அரிதாகிவிட்டது. தாய்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், ‘குடுமி வைத்த கூண்டுப்பறவை’.