ஊர்திக்கு நுரை நீராட்டு

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவருக்குச் சொந்த வண்டி என்பது வெறும் ஆடம்பரப் பொருளன்று. சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு விடுவதும், அவசர வேளையில் மருத்துவமனைக்கு விரைவதும் அதனால்தானே! அவ்வண்டியைத் துப்புரவாக வைத்திருப்பது நம் கடமை. அக்கடமையை நீரை வீணாக்காமலும், உயிருக்கும் உடைமைக்கும் ஊறு நேராமலும் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கீழ்க்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது எருத்தேன்பதி. கேரளம் என்றவுடன் ஓயாத மழையை நினைப்பவர் இப்பகுதியைக் கண்டால் வியப்புறுவர். இது மழைமறைவு நிலம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கீழைக் காற்று புழுதியை வாரி இறைக்கும். இதே வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில், நிலத்தடி நீரைக் காக்கவேண்டி மயிலம்மா முதலிய பெண்கள் 2002ஆம் ஆண்டு கொக்கோ-கோலா ஆலைக்கு எதிரே அறப்போர் தொடங்கியதையும், 2004இல் அவ்வாலையின் உற்பத்தி நின்றதையும் உலகம் அறியும். நீரின் அருமை இத்துணை உணரப்பட்ட மண்ணில், வண்டி கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பது தகுமா? நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடும் குழாயைக் கால் மணி நேரம் திறந்து வைத்தால் 150 லிட்டர் மண்ணில் போய்விடும். பெங்களூரில் 2024 மார்ச்சு மாதம் குடிநீரால் வண்டி கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்நிலை நம் வாசலுக்கும் வராதென்று யார் சொல்ல முடியும்?

இவ்விடத்தில்தான் நுரை தெளிக்கும் கருவி துணைக்கு வருகிறது. உலர்ந்த புழுதியின்மேல் துணியைப் போட்டுத் தேய்த்தால், மணல் துகள்கள் உப்புத்தாள் போல வண்ணப்பூச்சைக் கீறிவிடும். நுரையோ அழுக்கின்மேல் ஒட்டிநின்று, அதை ஊறவைத்து இளக்கி, தன்னோடு கீழே இழுத்து வருகிறது. இக்கருவியில் இருவகை உண்டு. ஒன்று, கையால் காற்றடித்துப் பயன்படுத்தும் சிறு தெளிப்பான். விலையும் குறைவு, நீர்ச் செலவும் குறைவு. மற்றொன்று, உயரழுத்தப் பம்பில் பொருத்தும் நுரைத் துப்பாக்கி. வீட்டுத் தேவைக்கு முன்னதே போதும்.

செய்முறை இதுவாகும். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினும் தகடும் ஆறும்வரை காத்திருங்கள். முதலில் சிறிது நீரால் தளர்ந்த மண்ணை அகற்றுங்கள். வண்டிக்கென்றே விற்கும் ஷாம்புவைப் புட்டியில் குறித்துள்ள அளவுப்படி நீரில் கலந்து தெளியுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகுப் பூச்சை நீக்கிவிடும். சில நிமிடம் ஊறட்டும்; ஆனால் நுரை காய்ந்துவிடக் கூடாது. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணி அலசும் நீர். மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்து, சக்கரங்களைக் கடைசியில் வேறு துணியால் கழுவுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் வெண்புள்ளி விழுமாதலால், அலசியவுடன் மென்துணியால் ஒற்றி எடுப்பது நலம்.

இனிப் பாதுகாப்பைப் பற்றிச் சில சொல்வோம். கைத்தெளிப்பானில் குறித்த கோட்டுக்கு மேல் நிரப்பலாகாது. மூடியைத் திறக்குமுன் உள்ளழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். உயரழுத்தப் பீச்சின் நீர், தோலைக் கிழித்து உள்ளே புகும் வன்மையுடையது. ஆகவே விளையாட்டுக்கும் அதை மனிதர் பக்கம் திருப்பலாகாது. குழந்தைகள் கையில் தரவும் கூடாது. அவ்வாறு காயம் பட்டால், மேலே சிறு துளையாகத் தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. டயரிலிருந்து ஒரு முழமேனும் விலகி நின்று பீச்சுங்கள். மிக அருகில் பீச்சினால் டயரின் பக்கச் சுவர் உள்ளே சிதைந்து, பின்னொரு நாள் ஓடும்போது வெடிக்கக்கூடும். மின்பம்பின் இணைப்புக்கு எர்த்தும் மின்கசிவுத் துண்டிப்பானும் இன்றியமையாதவை. ஈரக்கையால் செருகியைத் தொடாதீர்கள். எஞ்சின் அறையிலும் மின்வண்டியின் மின்னேற்றத் துளையிலும் நுரையடித்தல் ஆகாது. கழுவிய பின் பிரேக் ஈரமாயிருக்கும். முதலில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை இலேசாக மிதித்துப் பார்த்த பிறகே வேகம் கூட்டுங்கள்.

கழுவிய நீர் கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ ஓடாதவாறு பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே. ஆயுத பூசையன்று பொட்டிட்டு மாலை சூட்டி வண்டியை வணங்கும் மரபினர் நாம். வண்டிக்குச் செய்யும் சிறப்பில், அண்டை வீட்டார் குடத்துக்கு வேண்டிய நீரையும் மனத்தில் கொண்டால், அப்பூசை முழுமை பெறும் அன்றோ?