கலவையும் கலப்படமும்: ஒரு சிவப்பு ஒயினை முன்வைத்து

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய நண்பர் வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு போத்தல் வந்திருந்தது. நந்தி மலைப் பக்கம் க்ரோவர் நிறுவனம் தயாரிக்கும் 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின். கபர்னே சோவின்யோன், ஷிராஸ் என்னும் இரண்டு திராட்சைகளின் கலவை. நண்பரின் பெரியப்பா நாற்பது வருஷம் தென்னம்பாளை சீவியவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாப்பா, மாதுளந்தோலக் கடிச்ச மாதிரி துவர்க்குது" என்றார். ரெண்டு வகைப் பழச்சாற்றைக் கலந்தது என்று நான் விளக்கப் போக, அவர் சிரித்தார்: "நாங்க கலந்தா கலப்படம்னு கேஸு. அவன் கலந்தா கலையா?"

எம்.ஏ. தமிழ் படித்த என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் துவர்ப்பு. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு நிறமற்றது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு இறங்குகிறது. தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பும் கூடவே வருகிறது. வெயில் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது, புளிப்பு இறங்கிவிடுகிறது, ஆனால் தோலும் விதையும் அந்த வேகத்தில் முதிர்வதில்லை. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் உறங்கும். நம் பக்கத்துக் கொடி உறங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இருமுறை கவாத்து செய்து, ஒயினுக்கு ஒரு அறுவடையை மட்டும் எடுக்கிறார்கள். நந்தி மலைப்பகுதியின் உயரமும் இரவுக் குளிர்ச்சியும் புளிப்பைக் கொஞ்சம் காப்பாற்றித் தருகின்றன. மீதியைக் கலவை பார்த்துக்கொள்கிறது. கபர்னே இறுக்கமும் துவர்ப்பும் தரும். ஷிராஸ் சதைப்பற்றும் மிளகுக் காரமும் தரும். ஒன்றில் இல்லாததை இன்னொன்றால் நிரப்புவதுதான் வேலை. பெரியப்பா சொன்ன 'கலை' என்பது வெயிலின் குறையைச் சரிக்கட்டும் தொழில்நுட்பம், அவ்வளவுதான்.

கலப்பது எப்போதும் பெருமையாக இருந்ததும் இல்லை. பிரெஞ்சுக் காலனியான அல்ஜீரியாவின் வெயிலில் விளைந்த கருஞ்சிவப்பு ஒயின், தென் பிரான்சின் வெளிறிய ஒயின்களுக்கு நிறமும் பலமும் ஏற்றக் கப்பல் கப்பலாகப் போனது. போத்தலின் மீது அல்ஜீரியாவின் பெயர் இருக்காது. 1962இல் விடுதலை பெறும்வரை உலகின் மிகப்பெரிய ஒயின் ஏற்றுமதி நாடுகளில் ஒன்று அது. ரொலான் பார்த் 'மிதாலஜீஸ்' (1957) நூலில் ஒயினைப் பிரெஞ்சு தேசத்தின் குலக்குறி என்கிறார். கூடவே, அல்ஜீரிய முஸ்லிமிடமிருந்து பிடுங்கிய நிலத்தில், அவனுக்கே ரொட்டி இல்லாதபோது, அவனுக்குத் தேவையற்ற இந்தப் பயிர் திணிக்கப்பட்டதையும் சொல்கிறார். ருசி பற்றிய சொல்லாடல் எதை மறைக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே பிரெஞ்சு ஆட்சி இருந்த நம் ஊருக்கு வருவோம். பாகூருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989-92இல் விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்த இடம். மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச் சாடிகள் அங்கே உடைந்து கிடந்தன. அவற்றில் கோஸ் தீவின் பாணியிலானவை கணிசம். கோஸ் ஒயினின் அடையாளம் என்ன தெரியுமா? கடல்நீர் கலந்தது! அந்தச் சுவையை இத்தாலியிலேயே போலியாகச் செய்யும் முறையை, கி.மு. 149இல் இறந்த ரோமானியரான கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். புறநானூறு 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்லும் யவனர் மதுவை நாம் வகுப்பறையில் பெருமையோடு நடத்துகிறோம். யவனர் கொண்டுவந்ததில் உப்புத்தண்ணி கலந்ததும் இருந்திருக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதே தொகுப்பின் 235இல் அவ்வை அதியமானின் சாவை அழும்போது, அவன் கள்ளைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தைத்தான் முதலில் நினைக்கிறாள். அதைக் கூச்சத்தோடு வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

கள்ளின் பொருளியல் வேறு. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மறுநாள் புளித்துப் போகும். ஒயினைப் பூட்டி வைக்கலாம். பூட்டி வைக்கும் காலம் விலையாக மாறும். கள்ளைப் பூட்டி வைக்க முடியாது. ஆகவே அதில் பெரிய முதலீடு இறங்காது, லேபிள் ஒட்டாது. 'சில ஆயிரம் போத்தல்கள் மட்டுமே' என்று ஒயினில் பெருமையாக அச்சிடுகிறார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் ஏறக்கூடிய மரங்களின் கள்ளும் சிற்றளவு உற்பத்திதானே? அங்கே அரிது என்று பெயர் வாங்குவது இங்கே வறுமை என்று பெயர் வாங்குகிறது.

சட்டமும் இந்தப் பெயர்சூட்டலில் பங்கு கொள்கிறது. மகாராஷ்டிரம் 2001இல் ஒயினை விவசாயியின் விளைபொருளாகப் பார்த்துக் கலால் விலக்குக் கொடுத்தது. புதுச்சேரியில் கள், சாராயக் கடைகள் ஏலத்துக்குப் போகின்றன. பாகூர் கொம்யூனின் எல்லை தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் அதே கள் 1987 முதல் குற்றம். அந்தப் பக்கம் சனங்கள் 'ஒயின்ஷாப்' என்று சொல்லும் கடையில் விற்பதோ பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தியும் ரம்மும். கள்ளில் ஆல்கஹால் சுமார் 4 முதல் 6 சதவீதம்தான்.

கள்ளைப் புனிதமாக்குவது என் நோக்கமல்ல. குடியால் அடிவாங்கிய பெண்களிடம் போய் எந்தக் குடியின் அழகியலையும் பேச எனக்கு வாய் வராது. கலப்படம் கட்டுக்கதையும் அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் குடித்ததில் என்ன கலந்திருந்தது என்று எந்த லேபிளும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குக் கொடுத்த போத்தலில் எல்லாம் எழுதியிருந்தது: பழம், நிலம், வருஷம், சதவீதம். ருசியை விடுங்கள். தான் குடிப்பதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை, வாங்க வசதி உள்ளவனுக்கு மட்டும் ஏன் அச்சடித்துக் கொடுக்கப்படுகிறது? பெரியப்பாவின் கேள்விக்குள் இருப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.