உங்களுக்குத் தெரியுமா? பேதுருவுக்கு மாமியார் இருந்தார்!

கத்தோலிக்கர் முதல் போப்பாண்டவராகப் போற்றும் பேதுரு திருமணமானவர். காய்ச்சலில் படுத்திருந்த அவருடைய மாமியாரை இயேசு கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் உடனே எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தார் என்கிறது மாற்கு நற்செய்தி.

முதல் ஆயிரம் ஆண்டுகளில் குருக்கள் பலர் குடும்பஸ்தர்களே. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம்தான், குருப்பட்டம் பெற்றபின் ஒருவர் செய்யும் திருமணம் செல்லாது என்று உறுதியாக அறிவித்தது. திருச்சபைச் சொத்து பிள்ளைகளுக்கு வாரிசுரிமையாகப் போய்விடும் என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ரோமுடன் இணைந்த உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கரிடமும் லெபனானின் மாரோனைட் சபையிலும் மணமானவர் குருவாகலாம். ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் அப்படியே. ஆனால், பட்டத்துக்கு முன்பே மணம் முடித்திருக்க வேண்டும். மணவாழ்வில் இருப்பவர் ஆயராக முடியாது.

ஜெர்மனியில் 1523இல் கத்தரினா ஃபான் போரா என்ற கன்னியாஸ்திரி, தோழிகளுடன் வணிகர் ஒருவரின் வண்டியில் மடத்திலிருந்து தப்பினார். 1525இல் துறவியாயிருந்து சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதரை மணந்தார். லூதரின் பழைய மடமே வீடானது. அங்கே கத்தரினா பீர் காய்ச்சினார், மாடு வளர்த்தார், மாணவர்களுக்குச் சோறு போட்டார், 6 பிள்ளைகளைப் பெற்றார்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூதரன் போதகர் சீகன்பால்குவும் மணமானவரே. ஊருக்குப் போனவர், 1716இல் மனைவியோடு திரும்பினார். இன்றும் நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. போதகர் ‘ஐயர்’, அவர் மனைவி ‘ஐயரம்மா’!